வம்சாவளியில் விடுபட்டவர்கள்: மனநலக் காப்பக ஏடுகளில் முன்னோரைத் தேடுதல்

தமிழ்க் குடும்பங்களில் வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் பலரும் ஓர் இடத்தில் தடுமாறி நிற்பார்கள். தாத்தாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெயரும் ஊரும் பிள்ளைகுட்டி விவரமும் நாலு பேருக்குத்தான் கிடைக்கும். ஐந்தாமவரைப் பற்றிக் கேட்டால் ‘தேசாந்திரம் போயிட்டார்’ என்பார்கள், ‘சாமியாராப் போயிட்டார்’ என்பார்கள், அல்லது ‘அந்தக் கதை இப்ப எதுக்கு?’ என்று பேச்சை மாற்றுவார்கள். இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. மகாளய அமாவாசையன்று எல்லாருக்கும் சேர்த்து இறைக்கிற எள்ளும் தண்ணீரும்தான்.

இப்படி மறைந்தவர்கள் எல்லாரும் மனநோயாளிகள் அல்லர். சிலர் கப்பலேறினார்கள், சிலர் காலராவில் போனார்கள், சிலர் உண்மையிலேயே காசிக்குப் போனார்கள். ஆனால் ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்திலோ, கோழிக்கோட்டிலோ, திருவனந்தபுரத்திலோ, கடல் கடந்திருந்தால் மலாயாவின் தஞ்சோங் ரம்புத்தானிலோ ஒரு காப்பகத்துக்குள் போய் அங்கேயே முடிந்துபோனார்கள். அவர்களைத் தேட வழி உண்டா, கிடைக்கும் காகிதத்தை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம். காப்பக ஏட்டில் நோயாளியின் குரலைவிட அவரைக் கொண்டுவந்து விட்டவர்களின் கைதான் அதிகம் தெரியும். பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர், உத்தரவு போட்ட மாஜிஸ்திரேட், மனு எழுதிய அண்ணன், சான்று கொடுத்த டாக்டர் என்று ஒவ்வொரு கையையும் பிரித்துப் பார்க்கிறவருக்கே அந்த ஏடு பயன்படும்.

எந்த ஊர், எந்தக் காப்பகம்

சென்னையின் முதல் காப்பகம் 1794ல் வந்தது. வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் தன் பொறுப்பில் நடத்திய தனியார் நிறுவனம் அது. ஆள் கணக்குப் பார்த்துக் கம்பெனி பணம் கொடுத்தது. வெள்ளைக்கார நோயாளிகளைக் காலப்போக்கில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவது கம்பெனியின் வழக்கம். 1818லிருந்து லண்டன் ஹாக்னியில் இருந்த பெம்ப்ரோக் இல்லமும், 1870லிருந்து 1892வரை ஈலிங்கில் இருந்த ராயல் இந்தியா காப்பகமும் அவர்களை வாங்கிக்கொண்டன. இவ்விரண்டின் ஏடுகளும் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுதியில் இருக்கின்றன. இந்தியாவில் வேலைபார்த்த வெள்ளைச் சிப்பாய்கள், கம்பெனி உத்தியோகஸ்தர்களின் வழிவந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

அரசின் காப்பகம் 1871ல் கீழ்ப்பாக்கத்தில், லோகாக்ஸ் கார்டன் என்று பெயர்பெற்ற தோட்டத்தில், 145 நோயாளிகளோடு தொடங்கியது. 1922ல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது; 1978லிருந்து இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த். அந்தந்தக் காலத்துக் கோப்புகள் அந்தந்தப் பெயரில்தான் அட்டவணையில் ஏறியிருக்கும் என்பதால் தேடுகிறவர் இந்தப் பெயர் மாற்றங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்துக்குள் இதைத் தவிர விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் காப்பகங்கள் இருந்தன. கோழிக்கோட்டுக் குதிரவட்டம் காப்பகம் 1872ல் வந்தது.

இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் தவறான கதவைத் தட்ட நேரும். கன்னியாகுமரி மாவட்டம் 1956வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து முன்னோரைக் கீழ்ப்பாக்கத்தில் தேடுவதைவிட, திருவனந்தபுரத்தில் 1870ல் தொடங்கி இன்று ஊளம்பாறை என்று அறியப்படும் காப்பகத்தில் தேடுவதே முறை. இலங்கையில் பொரளையிலும் கறுவாத்தோட்டத்திலும் இருந்த காப்பகங்களுக்குப் பிறகு அங்கொடை வந்தது. யாழ்ப்பாணத்து நோயாளியும் மலையகத் தோட்டத்து நோயாளியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். மலாயாவில் 1911ல் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய காப்பகம் திறக்கப்பட்டது. ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் அதன் பழைய ஏடுகளில் கணிசமாக இருப்பார்கள்.

இவ்வளவு காப்பகங்கள் இருந்தும் உள்ளே போனவர்கள் சொற்பம். 1891ல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் மூன்றரைக் கோடி. அந்தக் காலத்தில் மூன்று காப்பகங்களிலும் சேர்த்து இருந்தவர்கள் ஆயிரத்தை எட்டவில்லை. மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள்; பின்கட்டில், மாட்டுக்கொட்டகையில், சிலர் சங்கிலியில். கோயிலுக்கும் தர்காவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி சன்னிதியில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. சோளிங்கரும் ஏர்வாடியும் இப்படிப் பேர்பெற்ற இடங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்த பிறகுதான் நாடு இந்தப் பழைய ஏற்பாட்டைத் திரும்பிப் பார்த்தது. அந்த இடங்களில் அக்காலத்தில் நோயாளி பற்றிய ஏடு எழுதும் வழக்கம் கிடையாது. ஆகவே காகிதத்தில் அகப்படுகிற முன்னோர் ஒரு தனி வகையினர்: வீடு தாங்காதவர்கள், அல்லது வீடே இல்லாதவர்கள். இந்தியக் காப்பகங்களில் ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்ததற்கும் இதுதான் பெரிய காரணம். பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைப்பது எளிது. ஏட்டில் வரும் பெண்ணின் பின்னால் பெரும்பாலும் பஞ்சமோ, கணவன் கைவிட்டதோ, விதவையாகித் தெருவுக்கு வந்ததோ இருக்கும்.

முதல் காகிதம் மாஜிஸ்திரேட்டுடையது

1858ல் மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 34ஆம் சட்டம் சுப்ரீம் கோர்ட்டுகளுக்கு, 35ஆம் சட்டம் ஜில்லா கோர்ட்டுகளுக்கு, 36ஆம் சட்டம் காப்பகங்களுக்கு. இந்தக் கடைசிச் சட்டத்தின்படி, சித்தம் தப்பித் தெருவில் அலைகிறவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் ஒரு மருத்துவரைக் கொண்டு பார்க்கச் சொல்லி, அவர் சான்று கொடுத்தால் காப்பகத்துக்கு அனுப்பலாம். உறவினர்களே செலவை ஏற்றுக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்க்கவும் வழி இருந்தது; ஆனால் பெருவாரியானவர்கள் போலீஸ் வழியாகத்தான் வந்தார்கள்.

நோயாளியோடு ஒரு விவரப் படிவமும் கூடவே பயணம் செய்தது. பெயர், வயது, சாதி அல்லது மதம், தொழில், ஊர், நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது, பிறருக்கு ஆபத்தானவரா, நோய்க்குக் காரணம் என்ன என்று அதில் கட்டங்கள் இருந்தன. இவற்றை முதலில் நிரப்பியது காவல் நிலையம். காப்பக மேற்பார்வையாளர் பின்னால் தன் ஏட்டில் எழுதியதில் பெரும்பகுதி இந்தப் படிவத்தின் நகல்தான். வந்தவருக்குப் பேச மனமில்லை, அல்லது பேசுவது டாக்டருக்குப் புரியவில்லை. கூட வந்த கான்ஸ்டபிளுக்கு அவருடைய கதை தெரியாது. நோயாளியின் பூர்வ கதையே இல்லாமல் ஆள் மட்டும் வந்து சேர்கிறார் என்று மேற்பார்வையாளர்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்பதே பெருமளவில் நிறைந்திருந்தது.

1912ஆம் ஆண்டின் இந்தியச் சித்தப்பிரமைச் சட்டம் இந்தக் காகிதத்தை மாற்றி அமைத்தது. 1890ல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தின் அச்சில் அது வார்க்கப்பட்டது. உறவினர் மனு, இரண்டு மருத்துவச் சான்றுகள், அதன் மேல் மாஜிஸ்திரேட்டின் சேர்ப்பு உத்தரவு என்று வரிசை வகுக்கப்பட்டது. மனுதாரர் தமக்கும் நோயாளிக்கும் என்ன உறவு என்று எழுதியாக வேண்டும். முதல் தாக்குதலா, எத்தனை வயதில் தொடங்கியது, வலிப்பு உண்டா, தற்கொலைக்கு முயன்றவரா, நெருங்கிய உறவில் வேறு யாருக்காவது இந்நோய் இருந்ததா என்றும் எழுதியாக வேண்டும். வம்சாவளி தேடுகிறவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறெங்கும் பதிவாகாத இன்னொரு உறவினர் அங்கே தலைகாட்டலாம்.

மருத்துவச் சான்றில் இரண்டு பகுதிகள் உண்டு. டாக்டர் தானே நேரில் கண்டது ஒன்று. பிறர் சொல்லிக் கேட்டது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும் என்பது சட்டம். ‘தனக்குத்தானே பேசுகிறார்’ என்பது முதல் பகுதியில் இருக்கிறதா, இரண்டாவதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் இருந்தால், சொன்னவர் யார் என்ற பெயரும் அங்கே இருக்கும். அவர் மைத்துனரா, பங்காளியா, எஜமானரா என்பதைக் கொண்டே அந்த வரியின் எடை கூடும், குறையும்.

கஞ்சாக் கணக்கு சொல்லும் பாடம்

காரணம் என்ற கட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது. கஞ்சா குடிப்பதால் மனிதர்கள் பைத்தியமாகிறார்கள், இந்தியக் காப்பகங்கள் கஞ்சா நோயாளிகளால் நிறைந்திருக்கின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலமாகப் பேசப்பட்டது. காப்பகங்களின் ஆண்டுப் புள்ளிவிவரங்களே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அதை விசாரிக்க 1893ல் இந்தியக் கஞ்சாக் கமிஷன் அமைந்தது. மக்கள் சாட்சியங்களோடு நிற்காமல், 1892ல் இந்தியக் காப்பகங்களில் சேர்ந்தவர்களின் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரிக்க அது ஏற்பாடு செய்தது.

அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் கஞ்சா வகைகளே காரணம் என்று ஏடுகள் சொல்லின. நோயாளியின் ஊருக்கே போய் விசாரித்த பிறகு, கஞ்சாவை ஒரு காரணமாகவாவது ஏற்கலாம் என்று நின்றவை 98. அதை மட்டுமே காரணமாகச் சொல்லத்தக்கவை 61. மீதியெல்லாம் ஸ்டேஷனில் எழுதியது, மாஜிஸ்திரேட் ஆபீசில் நகலெடுத்தது, காப்பகத்தில் புள்ளிவிவரமாக ஏறியது. ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும் என்ற கட்டம் இருந்தது. கைக்கு எளிதில் வந்தது கஞ்சா. ஒருவர் கஞ்சா குடித்தவர் என்று தெரிந்ததும் அவருடைய நோய்க்கு அதுவே காரணமாகிவிட்டது. காப்பக மருத்துவர்களுக்கு எதிர்விசாரணை செய்ய வழியும் இல்லை, நேரமும் இல்லை.

கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே ‘கஞ்சா’ என்றோ, ‘சாராயம்’ என்றோ, ‘துக்கம்’ என்றோ, ‘பரம்பரை’ என்றோ ஒரு சொல்லைக் காண்கிற குடும்பம் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய அரசே திரும்பிப் பார்த்தபோது அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் தேறவில்லை.

நோயின் பெயர்

அக்காலத்து மேனியா, மெலன்கோலியா, டிமென்ஷியா என்ற பெயர்களை இன்றைய நோய்ப் பெயர்களோடு நேருக்கு நேர் பொருத்தக் கூடாது. 1880ல் 25 வயது இளைஞருக்கு டிமென்ஷியா என்று எழுதியிருந்தால் அது முதுமையின் மறதி நோயைக் குறிக்காது. ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரையே ஸ்விஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908ல்தான் வைத்தார். பழைய ஏட்டை வைத்துக்கொண்டு முன்னோருக்கு இன்றைய நோயைச் சூட்டுவது பலருக்கும் எழும் ஆசை. அதற்கு ஆதாரம் அந்த ஏட்டில் இருக்காது.

குடும்பங்களின் உண்மையான பயம் வேறு. ‘நம்ம வம்சத்தில் இருக்கிறதா? பொண்ணு குடுக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா?’ என்பதே அது. இதற்கு மருத்துவ வரலாறு ஓரளவு தெளிவான பதிலைத் தருகிறது. அன்றைய காப்பகங்களில் இருந்தவர்களில் பலருக்கு இன்று நாம் மனநோய் என்று வகைப்படுத்தாத நோய்களே இருந்தன. வலிப்பு நோயாளிகள் காப்பகத்துக்கே வந்தார்கள். மேகநோய் முற்றி மூளையைத் தாக்கியவர்கள் வந்தார்கள். அந்நோயின் கிருமி மூளைத் திசுவிலேயே இருப்பதை நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் 1913ல்தான் காட்டினார்கள். பெல்லாக்ரா என்ற ஊட்டக்குறை நோய் முற்றினால் புத்தி பேதலிக்கும். அமெரிக்காவின் தென்மாநிலக் காப்பகங்களை அது நிறைத்திருந்தது; தொற்றுநோய் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, உணவே காரணம் என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914லிருந்து நிறுவினார். பிரசவத்துக்குப் பின் வரும் சித்தக் கலக்கம் மனநோய் வகையே ஆனாலும் தனித் தலைப்பாகவே ஏடுகளில் இருந்தது. இவற்றில் மேகநோயாலும் ஊட்டக்குறையாலும் வந்தவை ‘வம்சத்து நோய்’ என்ற கணக்கில் வராது. வம்சத் தொடர்பு ஓரளவு உள்ள நோய்களிலும் கொள்ளுத்தாத்தாவின் சகோதரர் ஒருவருக்கு இருந்தது என்பதால் இன்றைய பிள்ளைகளுக்கு வரும் அபாயம் பொதுமக்களுடையதைவிடப் பெரிதாகக் கூடிவிடுவதில்லை.

இறப்புக் கட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காப்பகத்தில் இறந்தவர்களில் மிகப் பலர் மனநோயால் இறக்கவில்லை. வயிற்றுப்போக்கு, சீதபேதி, காசநோய், இரத்தசோகை என்பவையே ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். பஞ்சத்தில் அடிபட்டு எலும்பும் தோலுமாக வந்தவர்கள் சேர்ந்த சில வாரங்களிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு நீண்ட வாசம் காத்திருந்தது. குளோர்ப்ரோமசின் 1952ல் வரும்வரை கடும் மனநோய்க்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. 1925ல் உள்ளே போன இருபது வயதுக்காரர் முப்பது ஆண்டு அங்கேயே இருந்திருக்கலாம். அந்த முப்பது ஆண்டில் வீட்டில் அவரைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போயிருப்பார்கள். 1940களில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டிக்காக இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்ட மூர் டெய்லர், அவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்கு வழியில்லாமல் அடைத்துவைக்கும் இடங்களாக இருப்பதாகவே எழுதினார். புறநோயாளிப் பிரிவு, மறுவாழ்வு, வீடு திரும்புதல் என்ற பேச்சுகள் கீழ்ப்பாக்கத்தில் வலுப்பட்டது 1961லிருந்து மேற்பார்வையாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் காலத்தில்.

நிலத்தின் பக்கமிருந்து

தேடலில் பலரும் தவறவிடும் இடம் சொத்து வழக்கு. இந்து சட்டத்தின் பழைய விதிப்படி, வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் சித்தம் தப்பியிருப்பவருக்குப் பங்கு கிடையாது. சோறு, துணி மட்டும்தான். ‘இவன் பைத்தியம்’ என்று நிரூபித்தால் ஒரு பங்காளி குறைவான். 1928ல் வந்த சட்டம்தான் இந்த விலக்கைச் சுருக்கி, பிறவியிலேயே சித்தம் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நிறுத்தியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ ஊனமோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை இல்லாமல் போகாது என்று அதையும் எடுத்துவிட்டது.

1928க்கு முந்தைய ஒருவர் காப்பகத்துக்குப் போன தேதியைக் கண்டுபிடித்தால், அதே ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தில் யார் இறந்தார், பாகப்பிரிவினை எப்போது நடந்தது, பத்திரத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்ப்பது அவசியம். தேதிகள் நெருங்கி நின்றால் அதுவே சதிக்குச் சான்றாகிவிடாது. நோயாளி இருந்த வீட்டில் பாகப்பிரிவினை வருவது இயல்புதான். ஆனால் கேள்வியை எழுப்பாமல் விடவும் முடியாது. முன்பு சொன்ன 1858ஆம் ஆண்டின் 35ஆம் சட்டத்தின்படி, சொத்துள்ள ஒருவர் சித்தம் தப்பியவரா என்று ஜில்லா கோர்ட் விசாரித்து, அவருக்கும் சொத்துக்கும் காப்பாளரை நியமித்தது. இந்த விசாரணைக் கட்டுகளில் காப்பக ஏட்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: இரு தரப்புச் சாட்சிகள். ஒரு சாட்சி ‘ஐந்து வருஷமாக வேட்டி தங்குவதில்லை’ என்பார்; எதிர்ச்சாட்சி ‘போன மாதம்கூட என்னிடம் மாடு விலைபேசினார்’ என்பார். மேல்முறையீடு போன வழக்குகள் 1876லிருந்து வரும் இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் அச்சிலேயே உள்ளன. வசதியுள்ள குடும்பங்களுக்குச் சட்ட நூலகம் காப்பகத்தைவிட நல்ல வாசல்.

குற்றம் செய்து, சித்தம் தப்பியிருந்ததால் விடுவிக்கப்பட்டவர்கள் இன்னொரு வகை. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அரசின் உத்தரவு வரும்வரை காப்பகத்தில் இருக்க வேண்டியிருந்தது. அந்த உத்தரவுகள் நீதித்துறைக் கோப்புகளில் பெயரோடு இருக்கும். அரசாணைகளில் பெயர் சொல்லப்படும் வாய்ப்பு சாதாரண நோயாளியைவிட இவர்களுக்கு அதிகம்.

எங்கே தேடுவது

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909லிருந்து அங்கே இயங்குகிறது. அரசாணைகளுக்கு ஆண்டுவாரியாக அச்சிட்ட அட்டவணைகள் இருக்கின்றன. காப்பக விவகாரங்களைக் கவனித்த துறையின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியதால், ஒரே ஆண்டுக்குப் பல துறைகளின் அட்டவணையையும் புரட்ட வேண்டியிருக்கும். சென்னை மாகாணத்து மூன்று காப்பகங்களின் ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். அவற்றில் நோயாளிகளின் பெயர் இருக்காது. ஆனால் உங்கள் முன்னோர் இருந்த ஆண்டில் அங்கே எத்தனை பேர், என்ன வேலை செய்தார்கள், எந்த நோயில் இறந்தார்கள் என்பது தெரியும். ஒற்றைப் பெயரைச் சுற்றி ஓர் உலகம் அதில் உருவாகும். குடிமதிப்பை நம்பிப் பயனில்லை. 1881லிருந்து 1931வரை சித்தம் தப்பியவர்களைத் தனியே எண்ணினார்கள்; எண்ணிக்கை அச்சில் இருக்கிறது, ஆள் பெயர் எழுதிய சீட்டுகள் வைக்கப்படவில்லை.

பெயர் தேடுவது தனிக் கலை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முத்துசாமியை ஒரு குமாஸ்தா ‘மூட்டூசாமி’ என்று படிக்கும்படி எழுதுவார், இன்னொருவர் சாதிப் பெயரை முன்னால் போடுவார். தகப்பன் பெயர், ஊர், தாலுகா மூன்றும் கையில் இல்லாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகக் கூடாது.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1860லிருந்து 1911வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் எண் இருந்தது. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, சாதி எல்லாம் இருந்தன. அந்த எண் அவர்களோடு தோட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்து நோயாளி ஒருவரின் எண் கிடைத்தால் அவருடைய திருநெல்வேலிக் கிராமம்வரை போய்விடலாம். நேட்டால் காப்பகங்கள் பற்றி ஜூலி பார்லும், 1884ல் சுவாவில் தொடங்கிய ஃபிஜி காப்பகம் பற்றி ஜாக்குலின் லெக்கியும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903ல். அதற்குப் பின் வந்த ஏடுகளிலேயே தமிழர்களைத் தேட வேண்டும். தனியாளாகக் கப்பலேறி, பேச்சுத் துணையில்லாமல், தோட்டத்து அடியும் சிறையும் கண்டவர்கள் அங்கே காப்பகத்துக்குப் போனபோது அதை எழுதிய கை எஜமானருடையது. ‘வேலை செய்ய மறுக்கிறான்’ என்பது அங்கே நோயின் அறிகுறியாகவும் எழுதப்பட்டது.

பார்க்கும் உரிமை

இங்கிலாந்தில் இத்தேடல் வெகு தூரம் போய்விட்டது. 1846லிருந்து காப்பகங்களில் சேர்ந்தவர்களின் மையப் பதிவேடு, எந்தக் காப்பகம், எந்நாள் சேர்ந்தார், குணமாகிப் போனாரா இறந்தாரா என்ற விவரங்களோடு, லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காப்பக நோயேடுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பொதுவாக நூறு ஆண்டு கழிந்ததும் யாரும் பார்க்கலாம். அங்கும் வெட்கம் இல்லாமல் இல்லை. 1851, 1861 குடிமதிப்புகளில் பல காப்பகங்கள் நோயாளிகளின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்தன. அமெரிக்காவில் வேறு மாதிரி. நியூயார்க் மாநிலத்து வில்லர்டு மருத்துவமனை 1995ல் மூடப்பட்டபோது பரணில் நோயாளிகளின் நானூறு பெட்டிகள் கிடைத்தன. அவற்றை வைத்து எழுதப்பட்ட நூலில்கூட அந்த மாநிலத்தின் ரகசிய விதிகளால் குடும்பப் பெயர்களை மாற்றவேண்டி வந்தது. இறந்தவரைக் காப்பாற்ற என்று வந்த விதி, அவரைப் பெயரில்லாதவராகவே வைத்துவிட்டது.

நம் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உரிமை தருகிறது. பிறரிடமிருந்து அவற்றைக் காக்கவும் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு முன் இறந்தவரின் பேரப்பிள்ளைகளைப் பற்றி அது தனியே பேசவில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 8(3) பிரிவில், இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலைச் சில விலக்குகள் தவிரக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தனிமனித அந்தரங்கம் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. மருத்துவ ரகசியம் என்று மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டிய பிரிவு இது.

தனித்தனி மனுக்களால் தீருகிற விஷயம் அல்ல இது. தமிழ்நாட்டில் மனநல மருத்துவமனை ஏடுகளுக்கென்று ஒரு பொது விதி வேண்டும். இருக்கிற பழைய ஏடுகளுக்கு முதலில் ஒரு பட்டியல். பிறகு அவற்றை ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தல். நூறு ஆண்டு கடந்தவை எல்லாருக்கும், அதற்குட்பட்டவை உறவை நிரூபிக்கிறவர்களுக்கு மட்டும். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்துக்கு இதனால் இடையூறு வராது. கிடைத்ததை வெளியிடுவதிலும் அதே அளவுகோல் வேண்டும். வம்சாவளியில் பெயரையும் தேதிகளையும் சேர்ப்பது குடும்பத்தின் உரிமை. நோயேட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் பொதுவில் போடுவது, திருமண வயதில் இருக்கும் தாயாதி பிள்ளைகளையும் தொடுகிற செயல்; அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

அந்த விதி வரும்வரை செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது. எண்பதைத் தாண்டிய அத்தைகளும் பெரியப்பாக்களும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ‘அவருக்குப் பைத்தியமா?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்த ஊர் ஸ்டேஷன் வழியாக, யார் கையெழுத்துப் போட்டது, அந்த வருஷம் நிலம் யார் பேரில் இருந்தது, யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டால் பதில் வரும். ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டிய ஆண்டும் தாலுகாவும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.